பாலைவனத்தில் முதல் தடம்: மாற்றம் எதுவும் செய்யாத 4×4 வண்டிக்கு எளிய மணல்பாதை தேடுவது எப்படி?

நம்ம பக்கத்தில் கொஞ்ச வருஷமா 4×4 வண்டி வாங்குகிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். 2020-ல் புது மஹிந்திரா தார் வந்தது, 2023-ல் மாருதி ஜிம்னி வந்தது. தாமல் வழியா பெங்களூரு நெடுஞ்சாலையில் போகும் வண்டிகளைப் பார்த்தாலே தெரியும். ஆனால் வாங்கினவர்களில் பலர், கியர் குச்சிக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த இரண்டாவது குச்சியைத் தொட்டதே இல்லை. மழைநாளில் வயல் ரோட்டில் ஒரு தடவை போட்டுப் பார்த்திருப்பார்கள், அவ்வளவுதான்.

காஞ்சிபுரத்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் டிசம்பர் லீவில் மனைவி, இரண்டு பிள்ளைகளோடு ஜெய்சல்மர் வரை ஓட்டிக்கொண்டு போகிறார். "மணல்ல ஈசியா ஓட்ற மாதிரி ஒரு ரூட் சொல்லுங்க" என்று கேட்டார். கேள்வி சின்னது. ஆனால் அதற்கு ஒரு ஊர்ப் பெயரைப் பதிலாகச் சொல்லிவிட முடியாது. ஒரே மணல்மேட்டை ஜனவரி காலை ஏழு மணிக்குப் பத்து வயசுப் பையனும் தாண்டி ஓடிவிடுவான். மே மாசம் மதியம் ரெண்டு மணிக்கு அதே மேட்டில் தனி வண்டியில் மாட்டிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. 'எளிய பாதை' என்பது மணல், சரிவு, பருவம், திரும்பும் வழி இந்த நாலும் சேர்ந்தது. அந்த நாலையும் வீட்டிலிருந்தே எவ்வளவு தூரம் கணிக்கலாம், அங்கே போய் எதைப் பார்க்கணும் என்று தேடிப் படித்துத் தொகுத்த குறிப்புகள் இவை.

ஏன் 'மாற்றம் செய்யாத' வண்டி?

வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்தால் உயரம் ஏற்றின சஸ்பென்ஷன், பெரிய டயர், முன்னால் வின்ச் இல்லாத வண்டியே இருக்காது. நம்ம ஊரில் அது சட்டப்படியே சிக்கல். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுப் புத்தகத்தில் உள்ள தயாரிப்பாளரின் விவரங்களிலிருந்து வண்டி மாறக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. விபத்து நடந்தால் காப்பீட்டுக்காரர் முதலில் பார்ப்பதும் இதைத்தான்.

இன்னொரு பக்கம், ஆரம்பக்காரருக்கு இந்த மாற்றங்கள் தேவையே இல்லை. மணலுக்கு வேண்டியது மூன்று: நாலு சக்கரத்துக்கும் விசை, லோ-ரேஞ்ச் கியர், காற்றைக் குறைக்கக்கூடிய டயர். மூன்றும் கடையிலிருந்து வரும் வண்டியிலேயே இருக்கிறது. வண்டியை மாற்றுவதை விட, வண்டிக்குத் தகுந்த மணலைத் தேர்ந்தெடுப்பது மலிவு.

இதற்கு வரலாற்றிலேயே நல்ல சாட்சி உண்டு. ரால்ஃப் பேக்னால்ட் என்ற ஆங்கிலேய ராணுவப் பொறியாளர், 1920-களின் கடைசியிலும் 1930-களிலும் எகிப்து, லிபியா பாலைவனங்களை ஃபோர்டு மாடல் டி, மாடல் ஏ கார்களில் சுற்றினார். பின்சக்கரம் மட்டுமே இழுக்கும் சாதாரணக் கார்கள். அவர் செய்தது, தேவையில்லாத எடையைக் கழற்றிவிட்டு, டயர் காற்றைக் குறைத்து, மாட்டிக்கொண்டால் சக்கரத்துக்கு அடியில் போட இரும்புத் தகடுகளை எடுத்துப் போனதுதான். மீதியெல்லாம் மணலைப் படித்தது. அந்தப் படிப்பை வைத்து 1941-ல் அவர் வெளியிட்ட மணல்மேட்டு இயற்பியல் நூல் இன்றைக்கும் அந்தத் துறையின் அடிப்படை நூல்.

காற்றுக் கணக்கு

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். ஜிம்னியின் எடை சுமார் 1,200 கிலோ. ஆட்கள், சாமான் சேர்த்து 1,400 கிலோ என்று வைத்துக்கொண்டால் ஒரு சக்கரத்துக்கு 350 கிலோ. டயரில் 30 பிஎஸ்ஐ காற்று என்றால், சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2.1 கிலோ அழுத்தம். டயர் சுவரின் விறைப்பை விட்டுவிட்டுத் தோராயமாகப் பார்த்தால், தரையைத் தொடும் பரப்பு 350 வகுத்தல் 2.1, அதாவது 167 சதுர செ.மீ. ஒரு உள்ளங்கையை விடப் பெரிசு. காற்றை 15 பிஎஸ்ஐ ஆகக் குறைத்தால் அந்தப் பரப்பு இரண்டு மடங்கு, 333 சதுர செ.மீ. ஆகும். மணல் மேல் விழும் அழுத்தம் பாதியாகிறது. செலவு ஒரு பைசா இல்லை.

டயர் பக்கவாட்டில் பிதுங்குவதால் பரப்பு கூடுகிறது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அதிகம் நீள்வது முன்னும் பின்னும். சக்கரம் ஒரு சின்ன டேங்க் பட்டைபோல ஆகிவிடுகிறது. அதனால்தான் மணலைக் குடைந்து இறங்காமல் மேலேயே மிதந்து போகிறது.

ஆரம்பக்காரருக்கு 16 முதல் 18 பிஎஸ்ஐ போதும். 15-க்குக் கீழே போனால், சட்டென்று திருப்பும்போது ட்யூப்லெஸ் டயர் ரிம்மிலிருந்து கழன்றுகொள்ளும் வாய்ப்பு கூடுகிறது. திரும்பத் தார் ரோட்டில் ஏறும் முன் காற்றை மறுபடி நிரப்பியே ஆகணும். குறைந்த காற்றோடு 80 கி.மீ. வேகத்தில் போனால் டயர் சுவர் சூடாகி வெடிக்கும். ஆகவே பேட்டரியில் ஓடும் காற்றடிக்கும் மெஷினும் ஒரு நல்ல ப்ரெஷர் மீட்டரும் இல்லாமல் மணலில் இறங்கவே கூடாது.

நம்ம ஊர்ப் பெரியவர்களுக்கு இந்தத் தத்துவம் புதிதில்லை. பாலாற்று மணலில் மாட்டுவண்டி புதைந்தால் சக்கரத்துக்கு அடியில் பனையோலை, வைக்கோல் போடுவார்கள். பேக்னால்ட் போட்ட இரும்புத் தகடும் இதே வேலையைத்தான் செய்தது. எடையைப் பரப்பு, அவ்வளவுதான் விஷயம்.

மேட்டின் இரண்டு முகங்கள்

காற்று கட்டிய மணல்மேட்டுக்கு இரண்டு முகம் உண்டு. காற்று வரும் பக்கம் சாய்வு குறைவு, பெரும்பாலும் 10 முதல் 15 டிகிரி. அங்கே மணல் காற்றால் தட்டித்தட்டி இறுகியிருக்கும். காற்று போகும் பக்கம், உச்சியிலிருந்து சரிந்து விழுந்த தளர்மணல். அதன் சாய்வு 32 முதல் 34 டிகிரி. உலர்மணல் தானாக நிற்கக்கூடிய அதிகபட்சக் கோணமே அதுதான். வீட்டு வாசலில் கொட்டின மணல் குவியலிலும் அதே கோணத்தைப் பார்க்கலாம்.

இனி வண்டியின் கோணங்கள். ஜிம்னியின் முன் நெருங்குகோணம் 36 டிகிரி, நடுவயிற்றுக் கோணம் 24 டிகிரி. மூன்று கதவு தாரில் இவை 41.8 டிகிரி, 27 டிகிரி. இந்த எண்களை மேட்டின் எண்களோடு பொருத்திப் பார்த்தால் இரண்டு விஷயம் தெளிவாகும்.

ஒன்று, சரிமுகத்தில் இறங்கி அடியில் சமதரையைத் தொடும்போது கோண மாற்றம் சுமார் 33 டிகிரி. ஜிம்னிக்கு மிச்சம் இருப்பது 3 டிகிரிதான். முன்சக்கரம் கொஞ்சம் புதைந்தாலே பம்பர் மணலைக் கோதும். நெருங்குகோணம் 30-க்கும் கீழே இருக்கும் பெரிய எஸ்யூவிகளுக்கு அந்த மிச்சம்கூட இல்லை.

இரண்டு, உச்சி. ஒரு பக்கம் 12 டிகிரி ஏற்றம், மறுபக்கம் 33 டிகிரி இறக்கம் என்றால் மொத்த மாற்றம் 45 டிகிரி. எந்தச் சாதாரண வண்டியின் நடுவயிற்றுக் கோணமும் அதற்கு ஈடில்லை. அனுபவசாலிகள் வேகக் கணக்கோடு போய், கூரான உச்சியை உடைத்துக்கொண்டு இறங்குவார்கள். புதியவர் உச்சியில் தயங்கி நிற்பார். வண்டியின் வயிறு மணலில் உட்கார்ந்துவிடும், நாலு சக்கரமும் சும்மா சுழலும்.

ஆகவே முதல் விதி: கூரான உச்சி உள்ள மேடு ஆரம்பக்காரருக்கு இல்லை. உச்சி உருண்டையாக, செடி முளைத்து, இரண்டு பக்கமும் 10 டிகிரிக்குக் கீழே சாய்வாக இருக்கணும். மேடு எத்தனை அடி உயரம் என்பது இரண்டாவது விஷயம். கூரான உச்சி கொண்ட மூன்று மீட்டர் மேடு, உருண்டையான பத்து மீட்டர் மேட்டை விடக் கஷ்டம்.

வீட்டிலிருந்தே தேடுவது

மென்பொருள்காரன் என்பதால் எனக்குப் பிடித்த பகுதி இதுதான். நான்கு படிகள்.

1. *திறந்த வரைபடம்.* ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் மண்பாதைகளை 'ட்ராக்' என்று குறித்து, ஒன்று முதல் ஐந்து வரை தரமும் போடுகிறார்கள். ஒன்று கெட்டியானது, ஐந்து மிக மென்மையானது. தரைவகை 'மணல்' என்றும், '4×4 மட்டும்' என்றும் தனிக் குறிகள் உண்டு. ஓவர்பாஸ் டர்போ என்ற இலவசத் தளத்தில் பத்து வரி கேள்வி எழுதினால், ஒரு மாவட்டத்தில் உள்ள தரம் மூன்று, நான்கு பாதைகள் எல்லாம் பட்டியலாக வந்துவிடும். ஐந்தை இப்போதைக்கு விட்டுவிடலாம்.

2. *பழைய செயற்கைக்கோள் படங்கள்.* கூகுள் எர்த்தில் வருடத்தைப் பின்னால் நகர்த்திப் பார்க்கும் வசதி இருக்கிறது. இந்த வருஷப் படத்தில் தெரியும் தடம் ஐந்து வருஷத்துக்கு முந்தைய படத்திலும் அதே இடத்தில் தெரிகிறதா? தெரிந்தால் அது ஊர்க்காரர்கள் தினமும் போகும் பாதை, மணலும் நகராத மணல். தடம் ஒரு படத்தில் இருக்கிறது, அடுத்ததில் இல்லை என்றால் அங்கே மேடுகள் நகர்கின்றன. சின்ன பிறைவடிவ மேடுகள் வருஷத்துக்குப் பத்து மீட்டருக்கு மேல்கூட நகரும். நாலு வருஷம் முன்னால் யாரோ பதிவேற்றிய ஜிபிஎஸ் தடத்தை நம்பிப் போனால் வழியில் புது மேடு நிற்கும்.

3. *நிழல்.* சூரியனுக்கு எதிர்ப்பக்கம் பார்த்த சரிவில் கத்தி மாதிரி கரிய நிழற்கோடு தெரிந்தால் அது சரிமுகம். சாம்பல் மங்கலாகக் கரைந்தால் மென்சாய்வு. இலவச உயரத் தரவுகளை இதற்கு நம்பக்கூடாது. 2000-ஆம் ஆண்டு விண்கலத்திலிருந்து எடுத்த உயரத் தரவு 30 மீட்டர் கட்டங்களாக இருக்கிறது. இருபது மீட்டர் அகலமுள்ள மேடு அந்தக் கட்டத்துக்குள்ளேயே மறைந்துபோகும். திரையில் சமதளம் என்று காட்டுவது நேரில் சமதளமாக இருக்கும் என்று அர்த்தமில்லை.

4. *வெளியேறும் தூரம்.* பாதையின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் அடுத்த தார் ரோடு அல்லது ஊர் எத்தனை கிலோமீட்டர் என்று அளக்கணும். முதல் பயணத்துக்கு என் வரம்பு 2 கி.மீ. அரை மணியில் ஒரு ஆள் நடந்து போய் உதவி கூட்டிவரக்கூடிய தூரம். இது மட்டும் பொருந்தவில்லை என்றால் மற்ற மூன்றும் நன்றாக இருந்தாலும் அந்தப் பாதையை விட்டுவிட வேண்டியதுதான்.

தமிழ்நாட்டிலேயே பாலை இருக்கிறதே?

இருக்கிறது. தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் உள்ள தேரிக்காடு. திருச்செந்தூர் பக்கம் குதிரைமொழித் தேரி, சாத்தான்குளம் பக்கம், இட்டமொழி பக்கம் என்று செக்கச்சிவந்த மணல்மேடுகள். மணல்துகள்மேல் ஹெமடைட் என்ற இரும்பு ஆக்சைடு படிந்ததால் அந்தச் சிவப்பு. உறைபனிக் காலத்தில் கடல் பின்வாங்கியபோது வெளிப்பட்ட மணல் என்று ஒரு விளக்கம், மேற்கே செம்மண் நிலத்திலிருந்து ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வந்த காற்று அள்ளிக்கொண்டு வந்தது என்று இன்னொரு விளக்கம்.

4×4 வாங்கினவர்களின் முதல் ஆசை இங்கேதான் போகிறது. என் பதில்: தேரிமணலில் வண்டி ஓட்டாதீர்கள். மூன்று காரணம். முதலாவது, குதிரைமொழித் தேரியின் பெரும்பகுதி காப்புக்காடு. அனுமதியில்லாமல் வண்டியோடு நுழைவது வனச்சட்டப்படி குற்றம். இரண்டாவது, அந்த மணலைக் கட்டிப்பிடித்து வைத்திருப்பது உடைமரமும் பனையும் முந்திரியும் அடியில் படரும் செடிகளும். டயர் அறுத்த இடத்திலிருந்து காற்று மணலைக் கிளப்பும், அது பக்கத்து ஊர்க்காரரின் தோட்டத்தில்தான் போய் விழும். மூன்றாவது காரணம் பலருக்குத் தெரியாது. தேரியில் நுண்கற்கருவிகள் கிடைக்கின்றன. பல்லாவரத்தில் 1863-ல் கற்கோடரி கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட்டே தேரிக் கருவிகளையும் கவனித்தார். 1956-ல் ஸாய்னர், ஆல்ச்சின் இருவரும் இவற்றைப் பற்றி விரிவான ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். நகத்தளவு கற்கருவிகள் மேற்பரப்பிலேயே கிடக்கும் நிலம் அது. அருஞ்சுனை காத்த அய்யனார் கோவிலுக்குத் தார் ரோட்டில் போய், தேரியைக் காலால் நடந்து பாருங்கள். கால் புதையும் விதத்தைப் பார்த்தாலே மணலைப் பற்றிப் பாதி பாடம் வந்துவிடும்.

கடற்கரை மணலும் பயிற்சிக்களம் இல்லை. ஜனவரி முதல் ஏப்ரல் வரை நம் கிழக்குக் கடற்கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிடுகின்றன. மணலுக்கு அடியில் ஒன்றரை அடி ஆழத்தில் முட்டை இருப்பது ஓட்டுகிறவருக்குத் தெரியாது.

ஏரிப்படுகை? தாமல் ஏரி மாதிரி பெரிய ஏரிகள் கோடையில் வற்றினால் மேலே வெடித்த களிமண் தரை, பார்க்கக் கான்கிரீட் மாதிரி இருக்கும். அதற்கு அடியில் சேறு இருக்கலாம். இது மணலை விட மோசம். மணலில் மாட்டினால் தோண்டி எடுத்துவிடலாம், களிச்சேற்றில் வயிறு ஒட்டிக்கொண்டால் டிராக்டர்தான் வரணும். வேதாரண்யம் பக்கத்து உப்புச் சதுப்பும், கட்ச் பகுதியின் ரண் நிலமும் இதே ரகம். வெள்ளையாக மின்னும் சமதரையைக் கண்டால் அது ஹைவே மாதிரி தெரியும், ஆனால் அது ஒரு பொறி.

அப்போ எங்கேதான் பழகுவது? சொந்த நிலம், தெரிந்தவரின் சவுக்குத்தோப்பு, நில உரிமையாளர் அனுமதியோடு நடக்கும் பயிற்சிக்களங்கள். சவுக்குத்தோப்பு மணல் நல்ல பள்ளிக்கூடம். ஐம்பது மீட்டர் நீளம் இருந்தால் போதும். காற்றைக் குறைத்து, லோ-ரேஞ்சில் போட்டு, பிரேக் தொடாமல் தானாக நிற்கவிட்டு, பின்னால் எடுத்து, மறுபடி முன்னால். அங்கே வேண்டுமென்றே ஒரு தடவை புதைய வைத்து, தோண்டி எடுத்துப் பழகிவிட்டால் பாலைவனத்தில் பதற்றம் வராது.

தார்: எங்கே, எப்போது?

நிஜப் பாலைவனம் வேண்டுமென்றால் இங்கிருந்து இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் போகணும். தார்ப் பாலைவனம் புதியவருக்கு நல்லதுதான். காரணம், அதன் பல மேடுகள் செடி கொண்டு நிலைத்தவை. மேடுகளுக்கு நடுவில் கெட்டியான சமதரையும், ஆட்டிடையர் பாதைகளும், கிராமங்களும் இருக்கின்றன. தென்மேற்குக் காற்று கட்டிய மேடுகள் என்பதால் பொதுவாகத் தென்மேற்கு முகம் மென்சாய்வு, வடகிழக்கு முகம் சரிவு. வெறும் திசைகாட்டி வைத்தே எந்தப் பக்கம் ஆபத்து என்று ஊகிக்கலாம்.

செடிகளும் வழிகாட்டும். அங்கே கேஜ்ரி என்று சொல்லும் மரம் நம் கோவில்களில் தலமரமாக நிற்கும் வன்னிதான். வன்னியும் எருக்கும் புல்தூறுகளும் நிற்கும் மணல் நகராத மணல். ஒரு புல்கூட இல்லாமல், அலைவரி மட்டும் ஓடும் பளபள மேடு என்றால் அது உயிரோடு நகரும் மேடு. போட்டோ எடுக்க அழகு, ஓட்ட வேண்டாம்.

சுற்றுலாக்காரர்கள் போகும் இடங்கள் சாம் (ஜெய்சல்மரிலிருந்து சுமார் 40 கி.மீ.), குரி, ஜோத்பூர் பக்கம் ஓசியான். சாமில் ஒட்டகமும் வாடகை ஜீப்பும் கூட்டமும் அதிகம். மேட்டின் மறுபக்கம் யார் இருக்கிறார்கள் என்று தெரியாத இடத்தில் புதியவர் ஏறக்கூடாது. குடும்பத்தோடு போகிறவர்களுக்கு ஓசியான் பக்கமோ குரி பக்கமோ உள்ளூர் ஓட்டுநர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு, கிராமப் பாதைகளில் போவது நல்லது.

போகக்கூடாத இடங்களையும் தெரிந்துகொள்ளணும்:

- பாலைவன தேசியப் பூங்கா, 3,162 சதுர கி.மீ. கானமயில் என்ற அழிந்துகொண்டிருக்கும் பறவையின் கடைசிப் புகலிடங்களில் ஒன்று. அது தரையில் முட்டையிடும் பறவை. சாமும் குரியும் பூங்காவை ஒட்டியே இருப்பதால், எந்தப் பாதை உள்ளே, எது வெளியே என்று வனத்துறையிடம் கேட்டுவிட்டே இறங்கணும்.
- பாகிஸ்தான் எல்லையோரம். சில காவல் நிலைய எல்லைகளுக்குள் வெளியூர்க்காரர் போக முன் அனுமதி தேவை. ஜெய்சல்மர் மாவட்ட நிர்வாகத்திடம் கேட்கலாம்.
- ராணுவத்தின் சுடுபயிற்சி நிலங்கள், முக்கியமாக பொக்ரான், பிகானேர் பக்கத்து மகாஜன். வெடிக்காத குண்டு மணலுக்கு அடியில் கிடக்கலாம். வேலி இல்லை என்பதால் பொது நிலம் ஆகிவிடாது.

பருவம் நவம்பர் முதல் பிப்ரவரி. 2016 மே 19 அன்று பலோடியில் 51 டிகிரி பதிவானது. அந்தச் சூட்டில் மாட்டினால் பிரச்சினை வண்டி இல்லை, உடம்பு. நேரம் அதிகாலை. இரவுப் பனியின் ஈரம் மணல்துகள்களை லேசாக ஒட்டவைத்திருக்கும், மேற்பரப்பு கெட்டியாக இருக்கும். சாய்ந்த வெயிலில் மேட்டின் நெளிவு சுளிவும் நிழலோடு தெரியும். உச்சிவெயிலில் மணல் உலர்ந்து தளரும், நிழலும் இருக்காது, குழிகூடச் சமதரை மாதிரி தெரியும். காலை பத்து மணிக்குள் வெளியே வந்துவிடுவது என்று திட்டமிடுங்கள்.

வளைகுடாவில் இருப்பவர்களுக்கு

அமீரகத்தில் வேலை செய்யும் நம்மவர்கள் பலர் வார விடுமுறையில் மணலில் ஓட்டுகிறார்கள். அங்கே மணல் அதிகம், செடி குறைவு. ஆகவே 'எளிது' என்பதன் அளவுகோல் மாறும். 'பிக் ரெட்' என்கிற அல் பதாயர் பெரிய மேடு புதியவருக்கு ஆகாது. லிவாவில் உள்ள மொரீப் மேடு 300 மீட்டர் அளவு உயரமானது, போட்டி வண்டிகளுக்கான இடம். துபாய் பாலைவனக் காப்பகத்துக்குள் சொந்த வண்டி ஓட்ட முடியாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை நினைக்கவே வேண்டாம்.

இறங்கிய பிறகு

முதலில் இறங்கி நடங்கள். 70 கிலோ ஆள் ஒற்றைக்காலில் நிற்கும்போது தரைமேல் விழும் அழுத்தம் சுமார் 7 பிஎஸ்ஐ. வண்டி டயரில் பாதிகூட இல்லை. உங்கள் காலே கணுக்கால் வரை புதைகிறது என்றால் அந்த மணல் இன்றைக்கு வேண்டாம். பாதச்சுவடு மட்டும் பதிகிறது என்றால் போகலாம்.

ஓட்டும்போது நாலே நாலு பழக்கம். மேட்டில் நேராக ஏறணும், நேராக இறங்கணும், குறுக்கே போகக்கூடாது. வண்டி உருளுவது குறுக்கே போகும்போதுதான். ஏற முடியவில்லை என்றால் வளைக்காமல் வந்த தடத்திலேயே நேராகப் பின்னால் வரணும். பிரேக் அடித்தால் சக்கரத்துக்கு முன்னால் மணல் குவிந்து அணை கட்டிவிடும், ஆக்ஸிலரேட்டரை விட்டுத் தானாக நிற்கவிடுங்கள். நிறுத்துவதை இறக்கத்தைப் பார்த்து நிறுத்துங்கள். ட்ராக்‌ஷன் கன்ட்ரோல் மணலில் இன்ஜின் விசையைத் தேவையான நேரத்தில் குறைத்துவிடும், வண்டியின் கையேட்டைப் பார்த்து அணைத்துவிட்டுப் போங்கள்.

சக்கரம் சுழல ஆரம்பித்த அடுத்த நொடியே காலை எடுக்கணும். ஐந்து நொடி மிதித்தால் வயிறு தரையில் உட்காரும். அப்புறம் இறங்கி, நாலு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் மணலை அள்ளி, காற்றை 12 வரை இறக்கி, மெதுவாகப் பின்னால் எடுத்தால் பெரும்பாலும் வந்துவிடும். இன்னொரு வண்டி இழுக்கும்போது ஒரு எச்சரிக்கை: ட்ரெய்லர் மாட்டும் உருண்டையில் கயிறு கட்டவே கூடாது. அது பிய்ந்தால் குண்டு மாதிரி பறக்கும், ஆள் செத்திருக்கிறார்கள். பிள்ளைகள் கயிற்றின் நீளத்தைப் போல இரண்டு மடங்கு தள்ளி நிற்கணும்.

எடுத்துப்போக வேண்டியது: இரண்டு மண்வாரி, நாலு மணல்பலகை, காற்று மெஷின், சட்டப்படியான இழுகொக்கிக்குப் பொருந்தும் கயிறு, ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது ஐந்து லிட்டர் தண்ணீர், காகித வரைபடம். எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று தங்கும் இடத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். மேடுகளுக்கு நடுவில் செல்போன் சிக்னல் இருக்கும் என்று நம்ப முடியாது.

ஐந்து கேள்விகள்

எந்தப் பாதையாக இருந்தாலும் கிளம்பும் முன் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்:

1. இந்த நிலத்தில் ஓட்ட எனக்கு அனுமதி இருக்கிறதா?
2. தடம் பல வருஷப் படங்களில் ஒரே இடத்தில் இருக்கிறதா, உச்சிகள் உருண்டையா?
3. பருவமும் நேரமும் சரியா?
4. எந்தப் புள்ளியிலிருந்தும் 2 கி.மீ.க்குள் ஊரோ ரோடோ இருக்கிறதா?
5. கூட இன்னொரு வண்டி வருகிறதா?

ஐந்துக்கும் 'ஆமாம்' என்றால் அதுதான் உங்கள் எளிய பாதை. ஒன்றுக்கு 'இல்லை' என்றாலும் அது இன்னொரு நாளைக்கானது. நண்பரின் திட்டத்தில் ஐந்தாவதுக்கு மட்டும் பதில் இல்லை. தனி வண்டி, இரண்டு பிள்ளைகள். அவருக்கு நான் சொன்னது: ஜெய்சல்மர் வரை தாராளமாகப் போங்கள், ஆனால் மணலில் இறங்குவது உள்ளூர்க்காரரின் இரண்டாவது வண்டி கூட வந்தால் மட்டும். அந்த ஒரு வண்டியின் வாடகைதான் இந்தப் பயணத்தின் உண்மையான காப்பீடு.